கொள்கலனில் மாணவர் விடுதி: ஒரு மச்சானின் கணக்கு

கட்டாரில் பதினெட்டு வருடங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய எனது மச்சான் (ராத்தாவின் கணவர்) ஒரு நாள் இரவு எனது வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கொப்பி. அதில் வரிசையாகச் சதுரங்கள் வரைந்திருந்தார். "மச்சான், இருபது பழைய கொண்டெய்னர் எடுத்தாப் போதும். ஜன்னல் வெட்டி, பெயின்ட் அடிச்சி, ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சா மூணு மாசத்துல போர்டிங் ரெடி. கல்லும் தேவையில்ல, மேசன்ட பின்னால அலையவும் தேவையில்ல" என்றார்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டிய தூரத்தில் அவருக்கு ஒரு வளவு உண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பிக்கப்பட்டு மறுவருடமே பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த அந்தக் கல்விக்கூடம், சுற்றியுள்ள ஊர்களின் காணி விலையை மட்டுமன்றி தொழில்களையும் மாற்றிவிட்டது. நமது நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக முதல் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்குமே விடுதியில் முன்னுரிமை கிடைக்கும். இடைப்பட்ட வருடங்களில் பிள்ளைகள் வெளியே அறை தேட வேண்டும். இதுதான் மச்சான் கண்ட சந்தை. அவர் கண்டது பிழையல்ல.

ஆனால் அவர் போடப் போவது தனது பதினெட்டு வருடச் சேமிப்பு. அது போனால் இரண்டாவது தடவை கட்டாருக்குப் போகும் வயதில் அவர் இல்லை. எனவே, "ஒரு மாதம் பொறுங்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த ஒரு மாதத்தில் விசாரித்து அறிந்தவற்றைத்தான் இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வெளிநாட்டுப் பணத்தில் விடுதி கட்ட எண்ணியிருப்போர் நம்மில் பலர் இருக்கின்றனர்.

மச்சானின் யோசனை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். 2022 உலகக் கிண்ணப் போட்டிகளுக்காக டோஹாவில் 974 கொள்கலன்களைக் கொண்டு ஒரு விளையாட்டரங்கையே எழுப்பினார்கள். கட்டாரின் தொலைபேசிக் குறியீடும் 974தான். போட்டி முடிந்ததும் கழற்றி எடுக்கக்கூடியவாறு அமைத்திருந்தார்கள். அதைப் பார்த்த மனிதருக்கு இருபது அறை என்ன பெரிய காரியமா?

மாணவர் விடுதிக்கும் உதாரணம் இருக்கிறது. நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகரில் மாணவர்களுக்கு வீடில்லாத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, 2005–2006 காலப்பகுதியில் சுமார் ஆயிரம் கொள்கலன் அறைகளை ஐந்து மாடிகளாக அடுக்கினார்கள். 'கீட்வோனன்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு 40 அடிக் கொள்கலன். அதற்குள்ளேயே குளியலறை, சமையல் மூலை, சிறிய பல்கணி. ஐந்து வருடங்களுக்கென வைக்கப்பட்டது, காலம் நீடிக்கப்பட்டுப் பத்து வருடங்களுக்கு மேல் அதே இடத்தில் இருந்தது. பிரான்ஸின் துறைமுக நகரமான லு ஹாவ்ரில் 2010இல் பழைய கொள்கலன்களைக் கொண்டே நூறு மாணவர் அறைகள் அமைக்கப்பட்டன.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அம்ஸ்டர்டாமில் அடுக்கியவை கடலில் ஓடிக் களைத்த பழைய பெட்டிகள் அல்ல. சீனத் தொழிற்சாலையில் குடியிருப்புக்கென்றே புதிதாகச் செய்யப்பட்டவை. குழாய், மின்சாரம், காற்றோட்டம், சுவரின் உட்பூச்சு எல்லாம் அங்கேயே பூர்த்தியாகி வந்தவை. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு கூரையும் போட்டார்கள். "கொள்கலன் வீடு" என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பெட்டி வாங்கப் போகிறவர் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்.

பேலியகொடையில் ஐந்து நிமிடம்

ராத்தாவுக்கு இந்த யோசனை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பின்னர் அவரது வீட்டாரும் தகரக் கொட்டிலில் இரண்டு வருடங்கள் இருந்தவர்கள். நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தற்காலிகக் கொட்டில்கள் அப்போது அமைக்கப்பட்டன. அவசரத்துக்கு அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் அதற்குள் ஒருவரும் இருந்ததில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போய்விடுவார்கள். "வாங்கறதுக்கு முதல்ல நீங்க ரெண்டு பேரும் மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்தப் பெட்டிக்குள்ள போய் நிண்டு பாருங்க" என்றார் ராத்தா.

நின்று பார்த்தோம். பேலியகொடைப் பக்கம் பழைய கொள்கலன்கள் விற்கும் ஒரு முற்றத்தில், கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு. ஐந்தாவது நிமிடத்தில் மச்சானே முதலில் வெளியே வந்தார்.

உருக்குத் தகடு வெப்பத்தை உடனே உள்ளே கடத்தும். நெதர்லாந்துக்காரரின் கவலை சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது. நமது கவலை அதற்கு நேர் எதிர். இதைச் சமாளிக்கலாம். உள்ளே வெப்பம் தடுக்கும் பலகை அடித்து, மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டு, இரு பக்கமும் ஜன்னல் வைத்தால் இருக்கக்கூடியதாக மாறும். அப்போது வேறு இரண்டு கணக்குகள் தலைதூக்குகின்றன.

முதலாவது, அகலம். சாதாரண கொள்கலனின் உள் அகலம் 2.35 மீற்றர், அதாவது ஏழடி எட்டு அங்குலம். இரு பக்கச் சுவருக்கும் வெப்பத் தடுப்பும் பலகையும் அடித்தால் ஏழடியை ஒட்டி வந்துவிடும். ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் ஒரு பிள்ளை நடக்கலாம், இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் கடக்க முடியாது. நமது ஊர் போர்டிங்குகளின் வருமானமோ ஓர் அறையில் இருவர், மூவர் என்ற கணக்கில்தான் வருகிறது.

இரண்டாவது, வெட்டுவது. கொள்கலனின் பாரத்தை நான்கு மூலைத் தூண்களும் தாங்குகின்றன. ஆனால் அலை அலையான பக்கத் தகடுதான் பெட்டியை நெளியாமல் பிடித்திருக்கிறது. அதில் பெரிய ஜன்னலும் கதவும் வெட்டினால் வெட்டிய இடத்தைச் சுற்றி உருக்குச் சட்டம் போட்டு ஒட்ட வேண்டும். "ஜன்னல் வெட்டி பெயின்ட் அடிச்சா" என்று மச்சான் சொன்ன அந்த ஒரே வரிக்குள்தான் பெரும் பகுதிச் செலவு ஒளிந்திருந்தது. தரைப் பலகையும் கவனிக்கப்பட வேண்டியது. கப்பலில் பூச்சி புழு வராமலிருக்க அதற்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். பிள்ளைகள் படுத்துறங்கும் அறைக்கு அதை மாற்றுவதே பாதுகாப்பு.

ஒலுவிலுக்கென்றே உரிய இன்னொரு எதிரி உப்புக் காற்று. கடற்கரையிலிருந்து வீசும் காற்றில் கதவுப் பிணைச்சலே இரண்டு மாரிக்குள் துருவேறிவிடும் ஊரில், வெட்டி ஒட்டிய உருக்குச் சுவரை வருடா வருடம் சுரண்டிப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பற்றாக்குறைக்கு அந்தப் பெட்டி 350 கிலோமீற்றர் அளவில் லொறியில் வர வேண்டும். மச்சானின் வளவுக்குப் போகும் ஒழுங்கை பத்தடி, மேலே மின்கம்பி. நாற்பதடி லொறி திரும்புவதற்கே வழியில்லை. கிறேன் எங்கே நிற்கும்?

தொழிற்சாலையில் கட்டுவது என்றால் கொள்கலன் மட்டுமா?

இல்லை. இதைத்தான் நான் மச்சானுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். முன்கூட்டியே பகுதிகளைச் செய்து தளத்தில் பொருத்தும் நிர்மாண முறைக்குப் பல படிகள் உண்டு. முழு அறையையே செய்து கொண்டுவருவது ஒரு முனை. பீம், தூண், சுவர்ப்பலகை, கூரைச்சட்டம் என்று துண்டுகளாகச் செய்து கொண்டுவருவது மறுமுனை.

முழு அறை முறையில் இன்று உலகுக்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது சிங்கப்பூர். நம்மைப் போன்றே வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர் என்பதால் அது நமக்கு அம்ஸ்டர்டாமை விடப் பொருத்தமான பாடம். அங்குள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016 அளவில் நோர்த் ஹில் பகுதியில் கட்டிய 13 மாடி மாணவர் விடுதிகள் இம்முறையில் எழுந்த ஆரம்பகாலப் பெரும் கட்டடங்களுள் அடங்கும். உள்வேலைகள் பெரும்பாலும் முடிந்த அறைகள் தளத்துக்கு வந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. அறைகளை அவர்கள் நமக்கு ஏற்றாற்போலப் புதிதாக வடிவமைத்தார்கள், கப்பல் பெட்டியின் அகலத்துக்குள் மாணவனை அடைக்கவில்லை. 2014 முதல் அரசாங்கம் விற்கும் சில காணிகளில் இம்முறையைக் கட்டாயமாக்கியும் உள்ளார்கள். காரணம் எளிது. சிங்கப்பூரின் நிர்மாணத் தளங்கள் வெளிநாட்டுத் தொழிலாளரை நம்பியிருப்பவை. தளத்தில் ஆட்களைக் குறைப்பதே அவர்களது முதல் நோக்கம்.

லண்டன், வெம்பிளியில் 2017இல் திறக்கப்பட்ட அபெக்ஸ் ஹவுஸ் என்ற மாணவர் விடுதி 29 மாடிகள். அறைகள் தொழிற்சாலையில் செய்யப்பட்டதால் வேலை சுமார் ஒரு வருடத்தில் முடிந்தது. அங்கே மாணவர் விடுதிக்காரர்கள் ஏன் இம்முறையை விரும்புகிறார்கள் தெரியுமா? அறைகள் அனைத்தும் ஒரே அச்சு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் செப்டம்பர் மாதம். கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். கட்டடம் ஒக்டோபரில் முடிந்தால் மாணவர்கள் வேறிடம் போய்விடுவார்கள். ஒரு மாதத் தாமதம் ஒரு வருட வாடகையை விழுங்கிவிடும். ஆகவே வேகத்துக்கு அங்கே விலை இருக்கிறது.

நமது நாட்டில் அந்த விலை இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். உயர்தரப் பரீட்சை பிந்துகிறது, பெறுபேறு பிந்துகிறது, அனுமதி பிந்துகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது போர்டிங் நடத்தியவர்கள் பூட்டிய அறைகளுக்குக் காவல் இருந்தார்கள். 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் மே மாதம் தொடங்கி இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. மூன்று மாதத்தில் கட்டி முடித்துவிட்டு ஆறு மாதம் காலியாக வைத்திருப்பதில் என்ன இலாபம்? நமக்குத் தேவைப்படுவது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டக்கூடிய முறை. நான்கு அறை கட்டி, அது நிரம்பிய பின் அடுத்த நான்கு.

மேற்குலகத் தொழிற்சாலைகளின் கதையும் சுகமானதல்ல. அமெரிக்காவில் இருநூறு கோடி டொலருக்கு மேல் முதலீடு திரட்டிய கட்டெரா நிறுவனம் 2021இல் வங்குரோத்தானது. பிரித்தானியாவில் இல்கே ஹோம்ஸ் 2023இல் வீழ்ந்து ஆயிரத்துக்கும் அதிகமானோர் வேலையிழந்தார்கள். அதே வருடம் லீகல் அன்ட் ஜெனரல் போன்ற பெரும் நிறுவனமே தனது வீட்டுத் தொழிற்சாலையில் புதிய உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலைக்கு வாடகை, இயந்திரம், சம்பளம் எல்லாம் நிலையான செலவு. கட்டளைகள் நின்று நின்று வந்தால் தாங்காது. மேசனுக்கு வேலையில்லாவிட்டால் சம்பளமில்லை, தொழிற்சாலைக்கு அந்த வசதி கிடையாது.

சரி, நமது நாட்டு அனுபவம்? வட கிழக்கில் யுத்தத்தால் பாதிக்கப்பட்டோருக்கு 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தரும் திட்டமொன்று 2016இல் பெரும் சர்ச்சையானது. வீடொன்றுக்கு இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல் சொன்னார்கள். அன்றைய விலைவாசியில் அதன் அரைவாசிக்கும் குறைவான செலவில் கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எடுத்துக்காட்டினார்கள். உஷ்ணம், ஆயுள், பழுதானால் யார் திருத்துவது, உள்ளூர் மேசனுக்கும் கல்லறுப்பவருக்கும் அந்தப் பணத்தில் என்ன கிடைக்கும் என்ற கேள்விகளும் எழுந்தன. அந்தப் பாரிய திட்டம் கடைசியில் நடைபெறவில்லை. "பொருத்தும் வீடு" என்றாலே நம் மக்கள் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏக்கலையில் பிறந்த பீம்

ஆனால் அதே மக்கள், பெயர் தெரியாமலேயே, முன்தயாரிப்பு முறையொன்றைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஜா-எல, ஏக்கலையில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் உருவாக்கிய மாடித்தள முறைதான் அது. ஹாட்வெயார் கடைகளிலும் மேசன்மாரிடமும் 'நேர்ட் ஸ்லாப்' என்று கேட்டால் தெரியும்.

அதன் வேலை இவ்வளவுதான். இழுத்து விறைப்பாக்கிய கம்பிகளை உள்ளே வைத்து வார்த்த சிறிய கொங்கிறீட் பீம்கள் முற்றத்திலிருந்து வரும். கிறேன் வேண்டாம், ஆட்களே தூக்கி வைக்கலாம். சுவரிலிருந்து சுவருக்கு இரண்டடி இடைவெளியில் அவற்றை வரிசையாக வைத்து, இடையில் பலகை பிடித்து, மேலே வலைக்கம்பி விரித்து இரண்டு அங்குலக் கொங்கிறீட் போட்டால் மாடித்தளம். வழமையாக ஐந்து அங்குலம் போடும் இடம் அது.

ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு நான் கணக்குப் பார்த்தேன். ஐந்து அங்குலமென்றால் நாலு கியூபுக்கு மேல் கொங்கிறீட். இரண்டு அங்குலமென்றால் ஒன்றே முக்கால் கியூபுக்குள். பீம்களில் உள்ள கொங்கிறீட்டைக் கூட்டினாலும் மிச்சம் தெளிவாகத் தெரிகிறது. 2021 ஆரம்பத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டதை அனுபவித்தவர்களுக்கு இந்த மிச்சம் எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பீம்களே பாரத்தைப் பிடிப்பதால் தளத்துக்குக் கீழே காடு போல முட்டுக்கட்டைகள் நிறுத்தவும் தேவையில்லை. அந்த மரச் செலவும் மிச்சம்.

சூழல் பற்றிப் பேசுவோர் இங்கே கவனிக்கட்டும். உலகில் மனிதன் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏழு, எட்டு வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. சூரியப்படலமும் பச்சைப் பெயின்ரும் பிறகு. முதலில் கொங்கிறீட்டைக் குறைக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம். ஒரே அளவு அறைகள், ஒரே நீள பீம், ஒரே அளவு ஜன்னல் என்று திட்டமிட்டால் தளத்தில் வெட்டி எறியும் கம்பியும் பலகையும் குறையும். மாணவர் விடுதி அதற்கென்றே அமைந்த கட்டடம்.

ஓர் எச்சரிக்கையையும் விட்டுவிடக் கூடாது. துண்டுகளைச் சேர்த்துக் கட்டும் முறையில் உயிர்நாடி, துண்டுகள் சேரும் இடம். 1968 மே மாதம் லண்டனில் ரோனன் பொயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்தது. சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட, அதன் மேலும் கீழும் இருந்த தளங்கள் சீட்டுக்கட்டு போல மூலையோடு சரிந்தன. நால்வர் இறந்தார்கள். திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பலகைகளின் பொருத்து பலவீனமாக இருந்ததே கட்டடம் அவ்வாறு சரியக் காரணம். மச்சானின் இரண்டு மாடிக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். பீம் சுவரில் எவ்வளவு உட்கார வேண்டும், எங்கே கட்டுக்கம்பி போக வேண்டும் என்பதைப் பொறியியலாளர் ஒருவர் வரைந்து கையொப்பமிட வேண்டும். மேசனின் அனுபவம் வேறு, இது வேறு.

அனுமதியும் பணமும்

கொள்கலன் என்றால் அனுமதி தேவையில்லை என்று யாரோ மச்சானுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆட்கள் தங்கும் இடமென்றால் பிரதேச சபையின் அனுமதி வேண்டும், மலசலகூடக் குழி எங்கே என்பது முதற்கொண்டு கேட்பார்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் காணி இருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. ஒலுவில் துறைமுகம் வந்த பின்னர் கரை எப்படி அரிக்கப்பட்டது என்பதை அறிந்த ஊரார் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள்.

வட்டியில்லா முறையில் நிதி வசதி தரும் ஒரு நிறுவனத்திலும் விசாரித்தோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே கேட்டார்: "நீங்கள் வைக்கப்போகும் பெட்டி காணியோடு சேர்ந்த சொத்தா, நாளை லொறியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய பொருளா?" எங்களிடம் பதில் இல்லை. கழற்றி விற்கலாம் என்பது கொள்கலனின் உண்மையான பலம், பல்கலைக்கழகம் மூடிக் கிடந்தாலும் பெட்டிக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அதே பலம்தான் பிணையாக வைக்கும்போது பலவீனமாகிறது. குத்தகைக் காணியில், நாலைந்து வருடத்துக்கு மட்டும் விடுதி நடத்த நினைப்பவர் இருந்தால் அவருக்கு நான் கொள்கலனையே சொல்லியிருப்பேன், வெப்பத் தடுப்புக்கும் இரட்டைக் கூரைக்கும் பணத்தை ஒதுக்கிய பிறகு. மச்சானுடையதோ சொந்தக் காணி.

கடைசியில் கொப்பியின் சதுரங்களை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தோம். பன்னிரண்டுக்குப் பத்து அளவில் எட்டு அறைகள், நடுவில் காற்றோடும் விறாந்தை, சீமெந்துக் கல் சுவர், மேலே நேர்ட் பீம். முதலில் கீழ்த்தளம் மட்டும். அதன் மேல் தற்காலிகக் கூரை போடாமல் தளத்தையே போட்டுவிட்டு, அறைகள் நிரம்பினால் மேலே அடுத்த எட்டு. நிரம்பாவிட்டால் மேல்தளம் துணி காயப்போட உதவும் என்றார் ராத்தா.

பீம் ஏற்றிய லொறி சென்ற மாதம் வந்தது. ஒழுங்கைக்குள் சிரமமில்லாமல் நுழைந்தது. மேசன் பாஸ் ஒரு பீமைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சின்னச் சாமானா மாடியத் தாங்கும்?" என்று கேட்டார். மச்சான் பொறியியலாளரின் வரைபடத்தை விரித்து, பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். வளவின் மூலையில், மாமர நிழலில், அவர் ஆசைக்கு வாங்கிய ஓர் இருபதடிக் கொள்கலன் நிற்கிறது. அதற்குள் சீமெந்துப் பைகளும் மண்வெட்டிகளும் இருக்கின்றன.